செயலியில் சந்தித்த மேயர் தம்பதி: நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லப்போகும் பதில் என்ன?

கடந்த சில மாதங்களாக நம் வீடுகளில் பெருமிதத்தோடு உச்சரிக்கப்படும் பெயர் ஸோஹ்ரான் மம்தானி. 2025 நவம்பர் 4 அன்று நடந்த தேர்தலில் 10 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று, முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தார். 2026 ஜனவரி 1 அன்று குர்ஆன் மீது கைவைத்து உறுதிமொழி ஏற்றார். நியூயார்க் நகரின் முதல் முஸ்லிம் மேயர். அப்போது அவருக்கு வயது 34. அவர் உறுதிமொழி ஏற்றபோது அருகில் நின்றவர் அவருடைய மனைவி ரமா துவாஜி. அந்தக் காட்சி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை முறை பகிரப்பட்டது என்பது வாசகர்களுக்கே தெரியும்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே, ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளி காலியான பிறகு, ஒரு தந்தை நம் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், மகளுக்கு 26 வயசு. எம்.பி.ஏ. முடிச்சு சென்னையில வேலை பார்க்குறா. நேத்து ராத்திரி சாப்பிடும்போது கேட்டா: 'அத்தா, மேயரே ஆப்புலதான் அவங்க மனைவியைப் பார்த்தாராம். அவங்க நிகாஹ் செல்லாதா?' எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தட்டை வச்சுட்டு எழுந்துட்டேன்" என்றார்.

தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவது பதில் ஆகாது. இது அவருடைய வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. பல வீடுகளில் கேட்கப்படாமல் தொண்டையில் நிற்கும் கேள்வி. எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

ஸோஹ்ரான் மம்தானி 1991-இல் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். தந்தை மஹ்மூத் மம்தானி பேராசிரியர். தாய் மீரா நாயர் திரைப்பட இயக்குநர். ரமா துவாஜி 1997-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், சிரியாவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே துபாய்க்குச் சென்று வளர்ந்தவர். ஓவியக் கலை படித்தவர். ஃபலஸ்தீன மக்களின் துயரைத் தம் ஓவியங்களில் தொடர்ந்து வரைந்துவருபவர்.

இருவரும் 2021-இல் 'ஹிஞ்ச்' என்ற டேட்டிங் செயலி வழியாக அறிமுகமானார்கள். முதல் சந்திப்பு புரூக்ளினில் உள்ள ஒரு யமன் நாட்டுக் காபிக் கடையில் நடந்ததாகவும், பிறகு பக்கத்துப் பூங்காவில் நடந்தபடி பேசியதாகவும் செய்திகள் வந்தன. 2024 அக்டோபரில் திருமணம் பேசி முடிவானது. அதே ஆண்டு டிசம்பரில் துபாயில் நிகாஹ். 2025 பிப்ரவரியில் நியூயார்க் நகர அலுவலகத்தில் சட்டப்படியான பதிவு. ஜூலையில் உகாண்டாவில் குடும்ப விருந்து. 'டேட்டிங் செயலிகளில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது' என்ற பொருளில் மம்தானியே ஒரு நேர்காணலில் சிரித்தபடி சொன்னார். உலகெங்கும் உள்ள முஸ்லிம் இளைஞர்களின் காதில் விழுந்தது அந்தச் சொல்தான்.

தலையில் தூக்கவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம்

முதலில் இரண்டு எல்லைகளை வகுத்துக்கொள்வோம்.

ஒன்று: பிறருடைய அந்தரங்கத்தைத் துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுக்கிறது (49:12). அறிமுகத்துக்கும் நிகாஹுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்விருவரும் எப்படி இருந்தார்கள் என்பது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விஷயம். நம் தீர்ப்புக்கு அங்கே இடமில்லை.

இரண்டு: ஒருவர் முஸ்லிம் என்பதாலும், அநீதிக்கு எதிராகக் குரல் கொடுக்கிறார் என்பதாலும் அவருடைய வாழ்க்கை முறை முழுவதும் நமக்கு மார்க்க ஆதாரம் ஆகிவிடாது. மம்தானி பன்னிரு இமாம் ஷீஆ பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய சமூக நிலைப்பாடுகள் சிலவற்றில் நமக்கு உடன்பாடு இல்லை. அவர் நல்ல மேயராக இருக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஃபத்வா சொல்லும் முஃப்தி அல்லர்.

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். அவர்களின் நிகாஹ் செல்லுமா? எந்த இடத்தில் அறிமுகம் ஆனது என்பது நிகாஹ் செல்லுபடியாவதற்கான நிபந்தனைகளில் ஒன்றல்ல. சம்மதம், சாட்சிகள், ஈஜாப்-கபூல், மத்ஹபுக்கு ஏற்ப வலீ ஆகியவை இருந்தால் நிகாஹ் நிறைவேறும். மஹர் கணவன் மீது கடமையாகும். செயலியில் அறிமுகமானாலும், கல்லூரியில் அறிமுகமானாலும், சின்னம்மா வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தாலும் நிகாஹ் நிகாஹ்தான்.

ஆனால் நிகாஹ் செல்லும் என்பதால், அதற்கு முன் நடக்கும் அனைத்தும் கூடும் என்று ஆகிவிடாது. மஹ்ரம் இல்லாத ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் தெளிவாகத் தடுத்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஹதீஸ் அது. 'டேட்டிங்' என்று உலகம் எதைச் சொல்கிறதோ, அதாவது திருமணப் பொறுப்பு ஏதுமின்றி தனியே பழகிப் பார்த்து, பிடித்தால் தொடர்வது, இல்லையேல் அடுத்தவரிடம் போவது என்ற வழக்கத்துக்கு மார்க்கத்தில் இடமில்லை. இதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதிப் பதிலைத்தான் சொன்னவர்களாவோம். 'அங்கே போகாதே' என்பது பாதி. 'அப்படியானால் எங்கே போவது?' என்பது மீதி.

செயலி யாருடைய வேலையைச் செய்கிறது?

ஹிஞ்ச் 2019 முதல் முழுமையாக மேட்ச் குரூப் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தம். டிண்டரும் அதே நிறுவனத்துடையதுதான். ஒருவர் சில புகைப்படங்களையும், கேட்கப்படும் கேள்விகளுக்குச் சிறு பதில்களையும் இடுகிறார். பார்ப்பவர் அதில் ஒன்றை விரும்பித் தட்டினால் பேச்சு தொடங்குகிறது. கூடுதல் வசதி வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்.

ஒரு வலீக்கும் ஒரு செயலிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். நல்ல இடம் அமைந்தவுடன் வலீயின் மனம் குளிர்கிறது. செயலி நிறுவனத்துக்கோ, இடம் அமைந்தால் இரண்டு வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள். தன் மகளுக்கு ஒரு கேடு வந்தால் தந்தைக்கு இரவுத் தூக்கம் போகும். நிறுவனத்துக்கு அப்படி எதுவும் போகாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஏற்கனவே திருமணமானவரா, கடன்காரரா, கை நீட்டுபவரா என்று விசாரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

முஸ்லிம்களுக்கென்றே செயலிகள் வந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். லண்டனைச் சேர்ந்த ஷஹ்ஸாத் யூனுஸ் தொடங்கிய 'மஸ்மேட்ச்' அவற்றில் பெரியது. மேட்ச் குரூப் தொடுத்த பெயர் உரிமை வழக்கில் 2022-இல் தீர்ப்பு எதிராக வந்ததால், 'மஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. உரையாடலை வலீயும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வசதியை இயக்குவதும் இயக்காமல் விடுவதும் பயன்படுத்துபவர் கையில்தான் இருக்கிறது. மகளுக்கும் தந்தைக்கும் இடையே பேச்சே இல்லாத வீட்டில் அதை யார் இயக்கப் போகிறார்கள்?

நம் வீட்டுச் செயலி

இனி நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். செயலியில் முகத்தைப் பார்த்து விரலால் தள்ளிவிடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். நம் சமுதாயத்தின் வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன நடக்கிறது? ஒரு பயோடேட்டா வருகிறது. நிறம், உயரம், சம்பளம், சொந்த வீடு, எத்தனை பவுன். பையனின் தாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். "கலரு கம்மி" என்கிறார். அடுத்த படம். அங்கே தள்ளுவது பிள்ளையின் விரல், இங்கே தள்ளுவது பெற்றோரின் விரல். வேறுபாடு அவ்வளவுதான்.

தீனும் நற்குணமும் உள்ளவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள், இல்லையேல் பூமியில் குழப்பம் மிகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி திர்மிதியில் உள்ளது. அந்த ஹதீஸை நாம் மேடைதோறும் சொல்கிறோம். வீட்டிலோ, "அவங்க ராவுத்தர், நாம மரைக்காயர்", "உருது பேசுற குடும்பம் ஒத்து வராது", "நம்ம ஊரு இல்ல" என்று திருப்பி அனுப்புகிறோம். சில ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை கிடைப்பதில்லை. கைக்கூலி இல்லை என்று பத்திரிகையில் அச்சடித்துவிட்டு, 'பிள்ளைக்கு நீங்க விரும்பிச் செய்றதைச் செய்யுங்க' என்கிறோம். இதற்கிடையில் பெண்ணுக்கு 24, 26, 29 என்று வயது ஏறுகிறது.

வளைகுடாவில் இருக்கும் மகன் 40 நாள் விடுப்பில் வருகிறான். முதல் வாரம் பெண் பார்க்கிறோம். கூடம் நிறைய உறவினர்கள். பெண் ஒரு தட்டோடு வந்து நின்றுவிட்டு உள்ளே போகிறாள். ஐந்து நிமிடம். "பிடிச்சிருக்கா?" என்று மகனிடம் கேட்கிறோம். அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்?

இன்னொரு முரண்பாடும் உண்டு. நிச்சயத்துக்கு முன் இருவரும் பெரியவர்கள் முன்னிலையில் 10 நிமிடம் பேசிக்கொள்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு. நிச்சயம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வருடம் விடிய விடியத் தொலைபேசியில் பேசினால் யாரும் கேட்பதில்லை; பைக்கில் கடற்கரைக்குப் போனாலும் "பேசி முடிச்ச பிள்ளைகள்தானே" என்கிறோம். நிச்சயம் என்பது வாக்குறுதி மட்டுமே. நிகாஹ் முடியும்வரை இருவரும் அந்நியர்கள்தான். மார்க்கம் அனுமதித்த இடத்தில் கதவைச் சாத்துகிறோம். தடுத்த இடத்தில் திறந்து விடுகிறோம்.

மத்யன் கிணற்றடியில்

ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் எப்படிச் சந்தித்தார்கள், அது எப்படித் திருமணத்தில் முடிந்தது என்பதைக் குர்ஆனே விரிவாகச் சொல்கிறது. அல்கஸஸ் அத்தியாயத்தின் 23 முதல் 28 வரையிலான வசனங்களை வீட்டில் குடும்பத்தோடு அமர்ந்து ஒருமுறை படியுங்கள்.

எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்நிலைக்கு வருகிறார்கள். கூட்டமாக ஆட்கள் கால்நடைகளுக்கு நீர் புகட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்தபடி ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) விசாரிக்கிறார்கள். தந்தை முதியவர், இடையர்கள் போன பிறகுதான் எங்களால் நீர் புகட்ட முடியும் என்ற நிலையைப் பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு, பேச்சை வளர்க்காமல் நிழலில் போய் அமர்ந்து அல்லாஹ்விடம் துஆ செய்கிறார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்துவந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறார். வீட்டில், மகள்களில் ஒருவர் தந்தையிடம் சொல்கிறார்: இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்று. அதன் பிறகு தந்தையே மூஸா (அலை) அவர்களிடம் திருமணப் பேச்சை எடுக்கிறார். மஹராக 8 ஆண்டு வேலை, விரும்பினால் 10.

இதில் கவனிக்க வேண்டியவை பல. சந்திப்பு பொது இடத்தில், தேவையை ஒட்டி, கண்ணியத்தோடு நடந்தது. பெண் வாய் திறந்து பேசினார். அவர் ஆணிடம் கண்டு சொன்னது அழகையோ சொத்தையோ அல்ல; உழைக்கும் வலிமையையும் நாணயத்தையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தந்தையைப் பாருங்கள். மகள் சொன்னது வேலைக்கு ஆள் வைப்பதைப் பற்றி மட்டுமே. அவரோ அடுத்து எடுத்தது கல்யாணப் பேச்சு. மகளின் குரலைக் காது கொடுத்துக் கேட்கும் தந்தைக்குத்தான் அவள் சொல்லாமல் விட்டதும் கேட்கும். 'ஓஹோ, அவனை எங்கே பார்த்தாய்?' என்று அவர் சீறவில்லை.

பார்க்கவும், பேசவும், மறுக்கவும் உரிமை

முகீரா இப்னு ஷுஃபா (ரலி) ஒரு பெண்ணை மணம் பேசியபோது, அவரைப் போய்ப் பார்த்துவரும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அது இருவருக்கும் இடையே இணக்கம் ஏற்பட ஏற்றது என்றார்கள். இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பில் இன்னும் ஒரு செய்தி உண்டு. அவர் போய்ச் சொன்னபோது பெண்ணின் பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை போல் இருந்தது. உள்ளே இருந்த பெண்ணே குரல் கொடுத்தார்: நபியவர்கள் கட்டளையிட்டிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பெற்றோரின் தயக்கம் அன்றும் இருந்திருக்கிறது. அந்தத் தயக்கத்துக்காக மார்க்கம் அனுமதியைத் திரும்பப் பெறவில்லை.

விருப்பமில்லாத இடத்தில் தந்தை மணமுடித்து வைத்துவிட்டதாக கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, அந்த நிகாஹை நபி (ஸல்) அவர்கள் ரத்து செய்தார்கள் (புகாரி). ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவருடைய வறுமையையும் இன்னொருவருடைய கடுமையையும் மறைக்காமல் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைத்தார்கள் (முஸ்லிம்). நம்மிடம் யாராவது வரன் பற்றி விசாரித்தால், "நல்ல குடும்பம்தான்" என்று மழுப்பி ஒரு பெண்ணின் வாழ்வைப் பாழாக்குகிறோமே, அவர்களுக்கு இந்த ஹதீஸ் போதும்.

உமர் (ரலி) அவர்கள் மகள் ஹஃப்ஸா (ரலி) விதவையானபோது, தாமே உஸ்மான் (ரலி) அவர்களிடமும் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும் சென்று கேட்டார்கள். மாப்பிள்ளை தேடுவதை இழிவாக நினைக்கவில்லை. கதீஜா (ரலி) அவர்களோ, தம் வணிகப் பொருள்களோடு ஷாம் சென்று வந்த முஹம்மத் (ஸல்) அவர்களின் நேர்மையைப் பணியாளர் மைஸரா மூலம் அறிந்து, தோழி நஃபீஸா வழியாகத் திருமணப் பேச்சைத் தொடங்கினார்கள். பெண் விருப்பத்தைத் தெரிவித்தார். நம்பகமான ஒருவர் நடுவில் இருந்தார். குடும்பத்தார் கூடி முடித்து வைத்தார்கள். மூன்றும் சேர்ந்திருந்தன.

நம்மில் ஷாஃபிஈகளும் இருக்கிறார்கள், ஹனஃபிகளும் இருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிகாஹ் இல்லை. ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தன் நிகாஹைத் தானே செய்துகொள்ளும் அதிகாரம் உடையவள். ஆனால் பொருத்தமில்லாத இடமானால் வலீ ஆட்சேபிக்கலாம். பிள்ளைகள் தங்களுக்குச் சாதகமான சட்டத்தை மட்டும் தேடுவதும், பெற்றோர் வலீ என்ற பொறுப்பைப் பூட்டாகப் பயன்படுத்துவதும் இரண்டுமே தவறு. தகுந்த காரணமின்றி வலீ தடுத்தால், ஷாஃபிஈ மத்ஹபிலும் அந்த அதிகாரம் காஜியிடம் போய்விடும். வலீ என்பவர் வாசலில் நிற்கும் காவலர். வாசலையே அடைத்துவிடும் சுவர் அல்லர்.

செய்ய வேண்டியவை

ஒன்று, பெற்றோரே, பிள்ளைக்கு 20 வயது கடந்ததும் திருமணம் பற்றி அவர்களோடு வெளிப்படையாகப் பேசுங்கள். "மனசுல யாராவது இருக்காங்களா?" என்ற கேள்வியைக் கோபமின்றிக் கேட்கப் பழகுங்கள். 'ஆம்' என்று பதில் வந்தால் உடனே விசாரணையைத் தொடங்குங்கள். வீட்டுச் சிறையை அல்ல.

இரண்டு, வரன் வரும்போது இருவரும் மஹ்ரம் முன்னிலையில் போதிய நேரம் பேச வழி செய்யுங்கள். வேலை, குடும்பப் பொறுப்பு, தொழுகை, கடன், எங்கே வாழ்வது என்று பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

மூன்று, ஜமாஅத்துகள் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது. மணமாகாத பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோர் சம்மதத்துடன் தொகுத்து, பக்கத்து ஜமாஅத்துகளோடு பகிர்ந்து, நம்பகமான ஆண்களையும் பெண்களையும் கொண்டு விசாரித்துச் சொல்லும் ஒரு சிறு குழு ஒவ்வொரு மஹல்லாவிலும் வேண்டும். கட்டணம் வேண்டாம், பவுன் கணக்கு வேண்டாம்.

நான்கு, இளைஞர்களே, ஒருவரைப் பிடித்திருப்பது பாவமல்ல. அதை மறைத்து வளர்ப்பதில்தான் ஆபத்து. எண்ணம் திருமணம் என்றால் அடுத்த அடி பெரியவர்களிடம் வைக்கப்பட வேண்டும். "இப்போ வீட்டில் சொல்லாதே" என்று ஒருவர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், அவர் திருமணத்தை நாடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அன்று வந்த தந்தையிடம் நாம் ஒன்றுதான் கேட்டோம்: "இதுவரை எத்தனை இடம் வந்தது?" "பதினொண்ணு" என்றார். "அதில் எத்தனை பேரோடு உங்கள் மகள் பேசினாள்?" அவர் பதில் சொல்லாமல் பள்ளியின் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். மகளோடு உட்கார்ந்து பேசினாராம். மகள் எந்தச் செயலியிலும் இல்லை. கூட வேலை பார்க்கும் ஒரு பையன், நம் மார்க்கத்துப் பிள்ளை, வீட்டில் வந்து கேட்கலாமா என்று அவளிடம் கேட்டிருக்கிறான். "உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல அத்தா. அதான் மேயர் கதையைச் சொன்னேன்" என்றாளாம். பையனின் ஊரும் வகையறாவும் வேறு. "விசாரிச்சுச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார் தந்தை. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் சொற்களுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கும் செவியை அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் வீடுகளில் ஹலாலின் வாசலை அகலமாகத் திறந்து வைப்பானாக! ஆமீன்.